கிணற்றுத் தண்ணீருக்கு ஆர்.ஓ. வாங்கலாமா?

கேள்வி: திருவல்லிக்கேணியில் பழைய வீடு, ஆழமில்லாத கிணறு. இறைக்கும்போது தண்ணீர் தெளிவாக இருக்கிறது. பக்கெட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிறது, லேசான வாடையும் அடிக்கிறது. ஆர்.ஓ. விற்க வந்தவர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் சேறாக மாறியது, அவர் மிஷின் தண்ணீர் அப்படியே இருந்தது. விலை 18,000 ரூபாயாம். குடிக்க மெட்ரோ வாட்டர் பிடிக்கிறோம். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்தக் கம்பி இரும்பு. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாயும், இரும்பு கரைந்து துருவாக இறங்கும். நீங்கள் பார்த்த சேறு பெரும்பாலும் அவர் கம்பியிலிருந்து வந்ததுதான். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அது நடப்பதில்லை. அடுத்த முறை வந்தால், அவர் மிஷின் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் பக்கெட்டில் மஞ்சளாவது வித்தை இல்லை. தெருவுக்கடியில் ஓடும் பழைய கழிவுநீர்க் குழாயின் மூட்டு விட்டிருந்தால், கசிவு முதலில் மேல்மட்ட நீரில்தான் சேரும். மண்ணில் காற்றோட்டம் இருந்தால், கழிவிலுள்ள அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றிவிடும். அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. கசிவு அதிகமாகி ஆக்சிஜன் தீர்ந்துபோனால் கதை மாறும். அம்மோனியா அப்படியே தங்கும், மண்ணிலுள்ள இரும்பு கரைந்து வரும், அழுகிய முட்டை வாடையும் வரலாம். அந்த இரும்புதான் வெளிக்காற்று பட்டதும் மஞ்சளாகிறது. கழிவு கலக்காமலும் சில இடங்களில் இரும்பு வரும், அதனால் நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

பரிசோதனை செய்யுங்கள். குடிநீர் வாரிய ஆய்வகத்திலோ, அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ கட்டணம் கட்டினால் போதும். நைட்ரேட், அம்மோனியா, குளோரைடு, இரும்பு, ஈ.கோலி (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஈ.கோலி பார்க்க ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 100 மில்லியில் ஒரு ஈ.கோலிகூட இருக்கக் கூடாது. நைட்ரேட்டைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் வீடுகள் இதை மறக்கக் கூடாது.

ஈ.கோலியும் அம்மோனியாவும் சேர்ந்து வந்தால், அறிக்கையின் நகலோடு வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். குழாயைச் சரிசெய்யாமல் எந்த மிஷின் வைத்தும் பயனில்லை. இரும்பு மட்டும்தான் என்றால், தண்ணீரைக் காற்றுப்படத் தெளித்து மணல் வடிகட்டியில் விட்டாலே துவைக்கவும் குளிக்கவும் போதும். நேராக ஆர்.ஓ.வில் விட்டால் இரும்பு படிந்து அதன் மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) சீக்கிரம் போய்விடும்.

அப்புறம், மெட்ரோ லைனில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கிறீர்களா? அப்படியானால் நிறுத்துங்கள். குழாயில் விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீரையும் அது உறிஞ்சிக் கொண்டுவரும்.

கேள்வி: புது வீடு, புது சிமென்ட் சம்ப். தண்ணீர் கையில் வழுக்குகிறது. டி.டி.எஸ். மீட்டர் 400 காட்டுகிறது. அது நல்ல அளவுதானே?

பதில்: வழுக்கலுக்குக் காரணம் சிமென்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு. பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 8.5-ஐத் தாண்டியிருக்கலாம். சில முறை நிரப்பி, ஒரு நாள் வைத்து, வடித்துவிடுங்கள், குறைந்துவிடும். நகரத்தில் கட்டட அடித்தளமும் கான்கிரீட் வடிகாலும் நிலத்தடி நீருக்கு இதையே மெதுவாகச் செய்கின்றன.

மீட்டரை நம்பி எதையும் வாங்காதீர்கள். தண்ணீரில் கரண்ட் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து, கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்றுதான் அது சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. உங்கள் 400-க்குள் நைட்ரேட் 100 ஒளிந்திருந்தாலும் தெரியாது. கரண்ட் கடத்தாத எண்ணெயோ அதன் கண்ணிலேயே படாது. 2013-ல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து போர்வெல்களில் பெட்ரோலிய வாடை வந்தபோது, அதை முதலில் கண்டுபிடித்தது குடியிருந்தவர்களின் மூக்குதான்.