ஒன்பதடி தள்ளி உட்கார்ந்தால் 4கே தெரியுமா?

கேள்வி: வீட்டில் 43 அங்குல ஃபுல் ஹெச்டி டிவி. சோபா ஒன்பதடி தள்ளி இருக்கிறது. பிஎஸ்5 (சோனியின் ப்ளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) வாங்கிய பையன், 4கே டிவி இல்லாவிட்டால் அது வீண் என்கிறான். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஃபுல் ஹெச்டியில் 20,73,600 புள்ளிகள், 4கே-யில் 82,94,400. நான்கு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ. அதில் 1,920 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். பார்வை நன்றாக உள்ளவருக்கே ஐந்தரை அடியைத் தாண்டினால் அது தனியாகத் தெரியாது. ஒன்பதடியில் அதை நான்காகப் பிரித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சோபாவை நான்கடிக்கு இழுத்துப் போட்டால் மட்டும் பையன் சொல்வது சரி.

அதைவிடக் கையில் உடனே தெரிவது ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்பது. பிஎஸ்5 செட்டிங்ஸில் 'சேவ்டு டேட்டா அண்ட் கேம்/ஆப் செட்டிங்ஸ்' போய், 'கேம் ப்ரீசெட்ஸ்'-ல் பெர்ஃபார்மன்ஸ் மோடு வையுங்கள். இரண்டு மோடும் உள்ள பல கேம்களில், புள்ளிகளைக் கூட்டும் ரெசல்யூஷன் மோடு நொடிக்கு 30 ஃபிரேம், பெர்ஃபார்மன்ஸ் மோடு 60. கேமுக்குள் ஒரு செங்கல் சுவரின் முன் நின்று வலது ஸ்டிக்கை வேகமாகத் திருப்பச் சொல்லுங்கள். 30-ல் செங்கல் வரிசை குழம்பிப்போய்த் தத்தித் தத்தி நகரும். 60-ல் ஒவ்வொரு கல்லையும் கண் பின்தொடரும்.

பிறகு டிவி வாங்கும் நாள் வந்தால் ஹெச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதி) தரத்தைப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சமும் இருட்டும் ஒன்பதடியிலும் தெரியும்.

கேள்வி: புது 4கே டிவிதான். ஆனாலும் பிஎஸ்5 கேமில் பட்டனை அழுத்திச் சற்றுப் பொறுத்தே ஆள் குதிக்கிறான். படத்தின் ஓரமும் வெட்டுப்படுகிறது.
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டுமே டிவியின் வேலை. படத்தை மெருகேற்ற டிவி எடுக்கும் நேரம்தான் அந்தத் தாமதம். டிவியில் கேம் மோடு போட்டால் அந்த மெருகு வேலை பெரும்பாலும் நின்றுவிடும். ஓரம் வெட்டுப்பட்டால் பிக்சர் சைஸில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' தேர்ந்தெடுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள், அதை ஏற்றினால் உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், விவரம் கூடாது. பிஎஸ்5-ன் 'வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்'-ல் 3840 x 2160 காட்டுகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பிஎஸ்5-உடன் வந்த ஹெச்டிஎம்ஐ கேபிளையே மாட்டி, டிவியில் அந்தப் போர்ட்டுக்கான அல்ட்ரா ஹெச்டி அமைப்பை ஆன் செய்யுங்கள்.

கேள்வி: மே மாதத்தில் பிஎஸ்5 சூடாகி நின்றுவிடுகிறது. ரெசல்யூஷனை 1080-க்கு (ஃபுல் ஹெச்டி) குறைத்தால் சரியாகுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: பெரும்பாலும் ஆகாது. அவுட்புட்டைக் குறைத்தாலும் பல கேம்கள் உள்ளே பழைய அளவிலேயே படத்தை வரைந்து, பிறகுதான் சுருக்கி அனுப்பும். சோனி சொல்லும் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி வரை. நம் மே மாத மதியம் அதைச் சுலபமாகத் தாண்டுகிறது. டிவி ஸ்டாண்டின் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். சுவரிலிருந்து 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். பக்க மூடியைக் கழற்றினால் தூசி சேரும் துளைகள் தெரியும். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். ஏசி இல்லாத அறையானால் ஆட்டத்தைச் சாயங்காலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.