முடி கொட்டும், சேட்டை செய்யும் நாய் பூனையோடு ஒரே வீட்டில் எப்படி வாழ்கிறீர்கள்?

மகள் நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கிறாள், வீடெல்லாம் முடியாகிவிடும், இருக்கிற பொருளெல்லாம் நாசமாகிவிடும் என்று மனைவி பயப்படுகிறார், வளர்ப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை இதுதான்: உங்கள் மனைவி பயப்படுவது அத்தனையும் நடக்கும். ஆனால் பயப்பட வேண்டியது அவற்றுக்கு அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு கோயம்புத்தூரில், சிங்காநல்லூர் பக்கம். பஞ்சு என்று ஒரு லாப்ரடார், ஏழு வயது, சந்தன நிறம். மிளகு என்று ஒரு நாட்டுப் பூனை, நாலு வயது, கன்னங்கரேல். பஞ்சுவின் முடி கறுப்பு பேண்ட்டில் தெரியும், மிளகின் முடி வெள்ளை வேட்டியில் தெரியும். நடுவாக ஏதாவது நிறத்தில் உடுத்தலாம் என்று சாம்பல் நிறத்தில் ஒரு பேண்ட் எடுத்தேன். அதில் இரண்டுமே தெரிகின்றன.

பஞ்சு என்ற பெயர் அம்மா வைத்தது. அப்பா ஸ்பின்னிங் மில்லில் கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சீவிப் பிரிக்கிற பிரிவில், 30 வருஷம் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வரும்போது தலை, புருவம், சட்டை எல்லாம் பஞ்சு அப்பியிருக்கும். வாசலிலேயே நிற்கவைத்து ஈரத்துண்டால் துடைத்த பிறகுதான் அம்மா உள்ளே விடுவார். நாய்க்குட்டி வந்து மூன்று மாதம் ஆனபோது ஒருநாள் சோபாவைப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, இது வீடா, கார்டிங் டிபார்ட்மென்டா?” என்று கேட்டார். அதுவரை பிரவுனி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றோடு பிரவுனி போய்விட்டது.

லாப்ரடாருக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே தண்ணீர் ஒட்டாத முரட்டு முடி, அடியில் மெத்தென்ற நுண்முடி. குளிர்ந்த கடலில் மீனவர்களோடு இறங்கி வேலை செய்த நாய்களின் வம்சம் என்பதால் அப்படி ஒரு உடம்பு. குளிர் நாடுகளில் பருவம் மாறும்போது பெரிய அளவில் உதிர்த்துத் தள்ளும். இங்கே பகலின் நீளமும் பெரிதாக மாறுவதில்லை, ராத்திரியிலும் ட்யூப்லைட் வெளிச்சம். அதனால் வருஷம் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வெயில் காலத்தில் மொட்டை அடித்துவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரட்டை அடுக்கு முடி வெயிலையும் ஓரளவு தடுக்கும், ஒட்ட வெட்டினால் பழையபடி வளராமலும் போகலாம்.

சரி, குட்டை முடி நாட்டு நாயாகப் பார்த்து வாங்கிக்கொள்கிறோம் என்பீர்கள். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ தாராளமாக வளருங்கள், ஆனால் முடி கொட்டாது என்று நம்பி வாங்காதீர்கள். நீள முடி உருண்டு போய் மூலையில் ஒதுங்கும். குட்டை முடி ஊசி மாதிரி போர்வையில் குத்திக்கொண்டு நிற்கும். ராஜபாளையம் வளர்க்கும் நண்பர் ஒருவர் கறுப்புச் சட்டை போடுவதையே நிறுத்திவிட்டார்.

முடியைச் சமாளிக்க ஆயிரக்கணக்கில் செலவழித்து என்னென்னவோ வாங்கினேன். கடைசியில் வேலைக்கு ஆனது அம்மாவின் மில் காலத்து வித்தைதான். பஞ்சு பறக்கிற இடத்தில் காற்றும் ஆகாது, காய்ந்த துடைப்பமும் ஆகாது. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கூட்ட வேண்டும். அதுவும் பூந்துடைப்பத்தால் கூட்டினால் பாதி முடி பறந்து போய் திரைச்சீலையில் உட்கார்ந்துகொள்ளும். பாத்ரூமில் தண்ணீர் தள்ளுகிற ரப்பர் வைப்பரால் காய்ந்த தரையை இழுத்துப் பாருங்கள், முடி கயிறு மாதிரி சுருண்டு வரும். சோபாவுக்குப் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை. லேசாக நனைத்து ஒரே திசையில் தடவினால் போதும்.

துணியை நனைக்கும் முன்பே மொட்டைமாடியில் நன்றாக உதறிவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு வருஷம் ஓட்டினோம். வாஷிங் மெஷின் தண்ணீர் போகவில்லை என்று பிளம்பரைக் கூப்பிட்டால், குழாய்க்குள்ளிருந்து ஈரமாக, நீளமாக எதையோ இழுத்துப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். “சார், எலிங்களா?” இல்லை, பஞ்சுதான்.

எதைச் செய்யாவிட்டாலும் தினமும் சீவிவிடுவதைச் செய்யுங்கள். வளைந்த கம்பிப் பற்கள் வைத்த பிரஷ் கடையில் கிடைக்கும். அதைப் பார்த்ததும் அம்மா, இது கார்டிங் மெஷினில் இருக்கிற கம்பிதானே என்றார். பஞ்சை இழை இழையாகப் பிரிக்கிற மெஷின் செய்வதும் அதே வேலைதான். காலையில் பத்து நிமிஷம் மாடியில் வைத்துச் சீவினால் ஒரு கைப்பிடி வரும். அந்தக் கைப்பிடி வீட்டுக்குள் விழாது, அவ்வளவுதான் கணக்கு. அப்படியே போட்டுவிட்டால் காக்கை வந்து கூட்டுக்கு எடுத்துப் போகும். உண்ணி மருந்து போட்ட சமயங்களில் மட்டும் விடுவதில்லை, அந்த முடி குஞ்சுகளுக்கு ஆகாது, குப்பைக்குப் போகும். பூனையையும் சீவ வேண்டும். அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. நக்கும்போது சிக்குகிற முடியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். விழுங்கியதை உருண்டையாக்கி விடியற்காலை நாலு மணிக்குக் கக்கும், பெரும்பாலும் நம் தலையணைக்குப் பக்கத்தில்.

உடம்பெங்கும் சீராகக் கொட்டினால் கவலை வேண்டாம். ஒரு இடத்தில் மட்டும் வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, ஓயாமல் சொறிந்தாலோ அது பருவம் அல்ல, நோய். டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம், குட்டி வாங்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் வீட்டில் யாருக்காவது தும்மல், வீசிங் உண்டென்றால், நாய் பூனை இருக்கிற வீட்டில் போய் ஒன்றிரண்டு முறை மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஒவ்வாமைக்குக் காரணம் முடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற புரதங்கள்தான் காரணம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும், எச்சில் காய்ந்து தூளாகிப் பறக்கும். என் மச்சான் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே காபி குடித்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சேட்டைக்கு வருகிறேன். பல் முளைக்கிற வயதில், அதாவது மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பஞ்சு தின்றவை: டிவி ரிமோட், கட்டில் கால், என் மகளின் சயின்ஸ் ரெக்கார்ட், எல்லா ஜோடியிலும் ஒரு செருப்பு. இரண்டையும் தின்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். வளர்ந்த பிறகு திருந்திவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு தீபாவளிக்கு, அரைக்கிலோ மைசூர்பாவை அட்டைப் பெட்டியோடு முடித்தது. அடுத்த இரண்டு நாள் யார் எதைக் கழுவினோம் என்பதை இங்கே எழுத வேண்டாம். மிளகின் வழி வேறு. மேசையிலிருக்கும் டம்ளரை நம் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஓரத்துக்குத் தள்ளும். செட்டாப் பாக்ஸ் மேல்தான் தூக்கம். நமக்குப் புழுக்கமாக இருக்கிற சூடுதான் பூனைக்கு இதம். அதை எழுப்பாமல் ரிமோட் சிக்னல் பாக்ஸுக்குப் போகாது, எழுப்பினால் கீறும்.

இதில் பாதிக்கு மேல் சும்மா இருப்பதால் வருகிற சேட்டை. பஞ்சுவுக்குக் காலையில் ஒரு மணி நேரம் நடை என்று ஆன பிறகு கட்டில் கால் பிழைத்தது. மழைநாளில் நடை இல்லை என்றால், சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் வீட்டில் பத்து இடத்தில் ஒளித்து வைப்போம். மோப்பம் பிடித்துத் தேடித் தின்று முடிப்பதற்குள் களைத்துப் படுத்துவிடும். அடித்துத் திருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரிமோட்டைக் கடித்து ஒரு மணி நேரம் கழித்து அடித்தால், எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. நாம் வந்தால் அடி விழும் என்பது மட்டும்தான் தெரியும்.

இப்போது பயப்பட வேண்டியவை. முதலாவது மருந்து. ஒருமுறை மிளகுக்கு உடம்பு சுட்டது. பாராசிட்டமால் கால் மாத்திரை பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். குழந்தைக்குக் கொடுப்பதுதானே என்று நானும் தலையாட்டப் பார்த்தேன். நல்லவேளை, டாக்டருக்கு போன் செய்துவிட்டேன். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை, ஒரு மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும் என்றார். அதே போல நாய்க்குப் போடுகிற சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனைக்கு வலிப்பு வந்துவிடும். இரண்டையும் சேர்த்து வளர்த்தால் மருந்து அட்டையைப் படிக்காமல் ஒரு சொட்டுகூடப் போடக் கூடாது.

இரண்டாவது, நூல். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா கூடத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டுவார். நூல் ஆடும், மிளகு பாயும், நாங்கள் சிரிப்போம். போனில் வீடியோகூட எடுத்திருக்கிறேன். ஒருநாள் எவ்வளவு நூலை விழுங்கியதென்று தெரியவில்லை. மறுநாள் சாப்பிடவில்லை, தண்ணீர் குடித்தாலும் வாந்தி. முடி உருண்டைதான், கக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நாளை வீணாக்கினேன். டாக்டர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். நூல் நாக்கின் அடியில் மாட்டியிருந்தது, மறுமுனை குடலுக்குள். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் சுருங்கிப்போயிருந்தது. அந்த நேரத்தில் நூலைப் பிடித்து இழுத்திருந்தால் குடலை அறுத்திருக்கும். வாயில் தெரிந்தாலும் சரி, பின்பக்கம் தொங்கினாலும் சரி, இழுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஆபரேஷன் செய்து பிழைக்கவைத்தார்கள். அந்த மாதம் வண்டி தவணை கட்டவில்லை.

திரும்பி வரும்போது அம்மா ஆட்டோவில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “நூல்ல சோறு தின்ன குடும்பம் கண்ணு.”

இப்போது நூல்கண்டு பிஸ்கட் டப்பாவுக்குள். பூக்கட்டுவது பூஜை அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. வெளியே மிளகு உட்கார்ந்து கதவைப் பிராண்டும், கத்தும். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்: “கத்து, கத்து. அறுத்துத் தச்ச வயிறுடி அது.”