64 ஓம்ஸா, 882 ஓம்ஸா? – வாசகர் கேள்வி பதில்

மல்டிமீட்டர் புதுசா வாங்கினேன் சார். வீட்ல கிடந்த 60 வாட்ஸ் குண்டு பல்பை ஓம்ஸ்ல (கரன்ட்டைத் தடுக்கிற ரெசிஸ்டன்ஸோட அளவு) வச்சுப் பார்த்தா 64னு காட்டுது. 230ஐ 64ஆல வகுத்தா மூணரை ஆம்ப்ஸ் வருது, வாட்ஸ் போட்டா 826! மீட்டர் டூப்பா, பல்பு டூப்பா?
– ஒரு வாசகர், கரூர்

ரெண்டுமே ஒரிஜினல்தாங்க. நீங்க அளந்தது தூங்கிட்டிருக்கிற பல்பை. எரியுற பல்பு வேற ஆளு.

பல்பு மேல போட்டிருக்கிற 60 வாட்ஸ்ங்கறது 230 வோல்ட்ல எரியும்போது உள்ள கணக்கு. 60ஐ 230ஆல வகுங்க, 0.26 ஆம்ப்ஸ். இப்ப 230ஐ அந்த 0.26ஆல வகுங்க, கிட்டத்தட்ட 882 ஓம்ஸ். உங்க மீட்டர் காட்டுனதை விட பதிமூணு பதினாலு மடங்கு! உள்ள இருக்கிறது டங்ஸ்டன் கம்பி, எரியும்போது 2500 டிகிரி பக்கத்துல போயிடும், சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸும் ஏறும். மீட்டர் ஓம்ஸ் பார்க்க அனுப்புற கரன்ட் துளியூண்டு, அதுல கம்பி வெதுவெதுன்னு கூட ஆகாது, அதனால 64தான் காட்டும்.

உங்க மூணரை ஆம்ப்ஸும் பொய்யில்ல தெரியுமா. சுவிட்ச் போட்ட அந்த முதல் நொடியில, நொடின்னு கூட சொல்ல முடியாது, கண் சிமிட்டுறதுக்குள்ள, அந்த அளவு கரன்ட் பாய்ஞ்சுதான் அப்புறம் அடங்கும். பழைய குண்டு பல்பு எரிஞ்சுக்கிட்டிருக்கும்போது போறதை விட சுவிட்ச் போடும்போது "பட்"டுனு போறதுதானே அதிகம், காரணம் இதுதான்.

கண்ணால பார்க்கணும்னா வீட்டு லைன்ல வேண்டவே வேண்டாம், 12 வோல்ட் பேட்டரி, வண்டி இண்டிகேட்டர் பல்பு 21 வாட்ஸ் போதும். எரியுறப்போ 1.75 ஆம்ப்ஸ் இழுக்கும், அதாவது ஏழு ஓம்ஸுக்கு கொஞ்சம் கம்மி. அணைச்சு ஆறவிட்டு ஓம்ஸ்ல பாருங்க, ஒண்ணு கூட வராது. அந்த மாதிரி சின்ன அளவு பார்க்கும்போது முதல்ல மீட்டரோட ரெண்டு முனையையும் ஒட்டவச்சுப் பாருங்க, ஒயருக்கே 0.2, 0.3னு காட்டும், அதைக் கழிச்சுக்கணும். இன்னொண்ணு, ஆம்ப்ஸ் பார்க்கும்போது மீட்டர் பல்போட வரிசையில, அதாவது மீட்டர் வழியா போற கரன்ட்டே பல்புக்கும் போற மாதிரி இருக்கணும், நேரா பேட்டரி மேல வச்சுடாதீங்க. நானே அப்படி வச்சு ரெண்டு ஃபியூஸ் போக்கியிருக்கேன், ரெண்டாவது தடவைக்கு மன்னிப்பே கிடையாது.

பவர் = கரன்ட் ஸ்கொயர் × ரெசிஸ்டன்ஸ்னு ஒரு ஃபார்முலா, ரெசிஸ்டன்ஸ் கூடினா பவர் கூடும். பவர் = வோல்டேஜ் ஸ்கொயர் ÷ ரெசிஸ்டன்ஸ்னு இன்னொண்ணு, கூடினா குறையும். எது அங்கிள் சரி?
– பிளஸ் டூ மாணவி, தேனி

ரெண்டும் சரிம்மா. எது ஆடாம நிக்குதுன்னு பார்த்துட்டு ஃபார்முலாவை எடுக்கணும். ஓம்ஸுக்குப் பேர் கொடுத்த ஓம் இருக்காரே, ஜெர்மனியில ஸ்கூல் வாத்தியார், அவருக்கும் இந்தத் தொல்லைதான், அந்தக் காலத்து பேட்டரியில வோல்டேஜ் நிலையா நிக்காது. அதனால ரெண்டு உலோகத்தைச் சேர்த்து, ஒரு முனையை கொதிக்கிற தண்ணியிலயும் இன்னொண்ணை ஐஸ்லயும் வச்சு நிலையான வோல்டேஜ் எடுத்து அளந்தார், 1827ல புத்தகமே போட்டார்.

வீட்ல லைன் 230னு நிக்குது, அதனால ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி எல்லாத்துக்கும் ரெண்டாவது ஃபார்முலா. 1500 வாட்ஸ் ஹீட்டருக்கு 35 ஓம்ஸ், 750 வாட்ஸ் இஸ்திரிப்பெட்டிக்கு 70. முதல் ஃபார்முலா எங்கன்னா, லூஸா இருக்கிற பிளக்குல. ஹீட்டர் 6.5 ஆம்ப்ஸ் இழுக்குது, அந்த கரன்ட் பிளக் வழியாத்தான் போயாகணும். சாக்கெட் பித்தளை தளர்ந்து வெறும் அரை ஓம் சேர்ந்துடுச்சுன்னு வை, 6.5 × 6.5 × 0.5, 21 வாட்ஸ். சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான்! பிளாஸ்டிக்குக்குள்ள சால்டரிங் அயர்னை சொருகி வச்ச மாதிரி, கருகாம என்ன பண்ணும்.

எங்க ஏரியாவுல சாயங்காலம் 180 வோல்ட்தான் வருது. லோ வோல்டேஜ்ல ஹீட்டர் போட்டா யூனிட் எகிறும்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க, நிஜமா?
– ஒரு வாசகி, திருவாரூர்

எகிறாதும்மா, தண்ணி சுட லேட்டாகும் அவ்ளோதான். ஹீட்டர் காயில் நிக்ரோம் கம்பி, பல்பு மாதிரி குதிக்காது, சூட்லயும் ஏறக்குறைய அதே 35 ஓம்ஸ்தான். 180 வோல்ட்ல 5.1 ஆம்ப்ஸ், 920 வாட்ஸ் பக்கம் வரும். வோல்டேஜ் அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சதுக்கு பவர் மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிடுச்சு பாருங்க, ஸ்கொயர் பண்ற வேலை. 20 நிமிஷத்துல சுடுற தண்ணிக்கு 33 நிமிஷம் ஆகும், ரெண்டுக்கும் அரை யூனிட்தான், நேரம் கூடுறதுல வெளிய போற சூட்டுக்கு கொஞ்சம் சேர்த்துக்கோங்க.

பக்கத்து வீட்டம்மா சொன்னது தண்ணி மோட்டார் கதையா இருக்கும். மோட்டாருக்கு தண்ணி தூக்குற வேலை குறையாது, வோல்டேஜ் குறைஞ்சா அதை ஈடுகட்ட கரன்ட்டை அதிகமா இழுத்து காயிலை சுட்டுக்கும். 180 வோல்ட்ல ஹீட்டரை தாராளமா போடுங்க, மோட்டாரை மட்டும் வோல்டேஜ் ஏறுன பிறகு போடுங்க.