கூழும் அப்பமும்

கே: இராயபுரத்தில் தோழியின் தம்பிக்குப் புதுநன்மை (முதல் முறை அப்பம் வாங்கும் சடங்கு) என்று என்னையும் சர்ச்சுக்குக் கூட்டிப்போனாள். எல்லாரும் வரிசையில் போய் அப்பம் வாங்கினார்கள், நானும் பின்னாலேயே போனேன். பாதி வழியில் அவள் கையைப் பிடித்து இழுத்து, ‘நீ வாங்கக்கூடாதுடி’ என்றாள். எங்கள் தெரு அம்மன் கோயில் கூழை அவள் வாங்கிக் குடிக்கவில்லையா? பிரசாதத்தில் என்ன பாகுபாடு?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

ப: வருத்தம் நியாயம்தாம்மா. வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடுக்கோயிலில் இந்த இழுபறி வந்திருக்காது, அது உங்கள் தோழியின் தப்பு. ஆனால் அது பிரசாதம் இல்லை, நற்கருணை. ஆடிக் கூழ் யார் வந்து சொம்பை நீட்டினாலும் ஊற்றுவார்கள், ஊற்றாவிட்டால்தான் குற்றம். இது வேறு. கல்யாண மண்டபத்தில் பந்தியில் யாரும் போய் உட்காரலாம், நிச்சயத் தட்டை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள முடியுமா? ஃபாதர் அப்பத்தைத் தூக்கிக் காட்டி ‘கிறிஸ்துவின் திருவுடல்’ என்பார், வாங்குகிறவர் ‘ஆமென்’ என்பார். அந்த ஆமென்தான் தட்டு மாற்றுவது. ஆரம்ப காலத்தில் இன்னும் கண்டிப்பு. ஞானஸ்நானம் வாங்காதவர்களை அந்தச் சடங்கு தொடங்கும் முன்பே வெளியே அனுப்பிவிடுவார்கள். இப்போது சில கோயில்களில், கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு வரிசையில் போனால் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்புகிறார்கள். அடுத்த முறை தோழியைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது அதில்? இயேசு பிடிபட்ட ராத்திரி, சீடர்களோடு சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு. அப்பத்தை எடுத்துப் பிட்டு இது என் உடல் என்றார், கிண்ணத்தை எடுத்து இது என் இரத்தம் என்றார், என் நினைவாக இதைச் செய்யுங்கள் என்றார். கோதுமை மணியையும் திராட்சைக் குலையையும் எடுத்துக் காட்டவில்லை, கவனியுங்கள். கோதுமை அரைபட்டு, பிசைபட்டு, நெருப்பில் வெந்தால்தான் அப்பம். திராட்சை நசுங்கினால்தான் இரசம். மறுநாள் தனக்கு நடக்கப்போவதை, மேஜைமேல் இருந்த சாப்பாட்டை வைத்தே சொல்லிவிட்டார். இன்றைக்கும் பூசையில் அப்பத்தை ஒப்புக்கொடுக்கும்போது நிலத்தின் விளைவு, மனித உழைப்பின் பயன் என்று சொல்வார்கள். உழுதவன், அரைத்தவன், சுட்டவன் எல்லாரும் அந்தத் தட்டில் இருக்கிறார்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பல மணி சேர்ந்து ஒரு அப்பம். நாம் அநேகராயிருந்தும் ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் ஒரே உடலாயிருக்கிறோம் என்று கொரிந்து சபைக்கு எழுதினார் பவுல். அதே கடிதத்தில் ஒரு திட்டும் இருக்கிறது: வசதியுள்ளவர்கள் முதலில் உட்கார்ந்து மூக்குமுட்டத் தின்று குடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்களே, இதுவா ஆண்டவருடைய பந்தி? நம் ஊர்க் கதையும் ஒன்றும் குறைச்சல் இல்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, நற்கருணைக்கு எல்லாரும் கலந்தே வரவேண்டும் என்று தென்னிந்திய மிஷன் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் எதிர்த்தார்கள், இதோ பக்கத்திலிருக்கிற வேப்பேரியிலும் எதிர்த்தார்கள். ஒரே அப்பம் என்று வாயால் சொல்ல எல்லாருக்கும் சம்மதம், ஒரே கிண்ணத்தில் வாய் வைக்கச் சொன்னபோதுதான் ஆள் யார் என்று தெரிந்தது.

கே: இயேசுவின் சீடர்களில் முக்கியமானவர்களே மீன்பிடிக்கிறவர்கள். அப்படியிருக்க மீன் வைக்காமல் ரொட்டி ஏன்? நம் ஊரில் கோதுமையா விளைகிறது? இட்லி வைத்தால் ஆகாதா?
– ஒரு வாசகர், காசிமேடு

ப: கேள்வியில் கவிச்சி அடிக்கிறது, நல்ல வாசனைதான்! மீனும் இருந்தது. உயிர்த்தெழுந்த பிறகு விடியற்காலையில் கரையில் கரிநெருப்பு மூட்டி, அப்பமும் சுட்ட மீனும் கொடுத்தார் என்று யோவான் எழுதியிருக்கிறார். அன்றைக்குச் சாப்பிட்டவர்களில் உங்கள் பக்கத்து ஊர் இராயபுரத்துக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்கிற இராயப்பரும், அதாவது பேதுருவும், ஒருவர். ரோமில் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களிலும் அப்பத்தையும் மீனையும் சேர்த்தே வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடைசி ராத்திரி பாஸ்கா விருந்து, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைத்துக் கொண்டாடுவது. அந்த விருந்துக்கு என்று யூதர்கள் வைப்பது புளிக்காத அப்பம், திராட்சை இரசம். ஏன் புளிக்காதது என்பது வீட்டில் மாவு கரைக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மாவு பொங்கி வர நேரம் வேண்டும், எகிப்திலிருந்து அடிமைகளாகத் தப்பி ஓடியவர்களுக்கு அந்த நேரம் இல்லை, பொங்காத மாவையே தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கத்தோலிக்கர்கள் இன்றும் அந்த அவசரத்தைத்தான் மெல்லிய வெள்ளை வட்டமாக வைத்திருக்கிறார்கள். வாயில் போட்டால் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், பல் படக்கூடாது என்று சின்ன வயதில் மிரட்டி வைத்திருந்ததால் நாக்காலேயே உரித்து எடுத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை போராடியிருக்கிறேன். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைகள் இதற்கு நேர் எதிர்: மாவு பொங்கினால்தான் உயிர், உயிர்த்தெழுந்தவருக்குப் பொங்கிய அப்பமே சரி என்பார்கள். 1054-ல் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் முறைத்துக்கொண்டு பிரிந்தபோது சண்டையில் இதுவும் ஒரு விஷயம்.

இட்லி? கத்தோலிக்கச் சட்டம் கோதுமை, திராட்சை தவிர வேறு எதையும் ஏற்காது. அர்த்தம் மட்டும்தான் முக்கியம் என்றால் சோறுதான் நமக்கு வாழ்வின் உணவு, அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நினைவு என்பது அந்த மேஜையைப் பற்றிய நினைவு, அன்றைக்கு அதில் இட்லி இல்லை.

கே: அம்மா வீட்டு சர்ச்சில் ஒரே கிண்ணத்தில் ஒயின், பாதிரியார் ஐயர் விளிம்பைத் துணியால் துடைத்துத் திருப்பித் திருப்பிக் கொடுப்பார். மாமியார் வீட்டு சபையில் குட்டிக் குட்டிக் கப்பில் திராட்சை ஜூஸ். எது சரி?
– ஒரு வாசகி, பெரம்பூர்

ப: இரண்டு வீட்டிலும் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்றால் என்னைக் கேட்காதீர்கள்! ஜூஸ் ஒன்றும் அப்போஸ்தலர் காலத்து வழக்கம் இல்லை. 1869-ல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் டாக்டர், மது கூடாது என்கிற மெதடிஸ்ட்காரர், சாற்றைச் சூடுபடுத்திப் புளிக்காமல் நிறுத்தினார். நற்கருணைக்கு என்றே செய்தது. குடித்துக் குடித்து அழிந்த வீட்டிலிருந்து வந்து, அந்த வாசனையே ஆகாது என்று உட்கார்ந்திருக்கிறவருக்கு ஜூஸ் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கத்தோலிக்கரிலும் அப்படிப்பட்ட குருக்களுக்கு, பொங்கத் தொடங்கியதுமே நிறுத்திய சாற்றை அனுமதி வாங்கிப் பயன்படுத்த வழி உண்டு. ஒயினில் ஃபாதர் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரசம் கிறிஸ்து, தண்ணீர் நாம், கலந்த பிறகு பிரிக்க முடியாது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் விளக்கம் எழுதிவிட்டார்.

அது மெய்யாகவே உடலா, அடையாளமா என்று மாமியார் கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். 1529-ல் ஜெர்மனியில் மார்பர்க் என்ற ஊரில், ரோமை விட்டுப் பிரிந்த புராட்டஸ்டண்ட் தலைவர்கள் லூத்தரும் ஸ்விங்லியும் உட்கார்ந்து 15 விஷயம் பேசி 14-ல் ஒத்துப்போனார்கள், மிச்சம் நின்றது இதுதான். ‘இது என் உடல்’ என்று லூத்தர் மேஜைமேல் சாக்பீஸால் எழுதியே வைத்துக்கொண்டார்.

கே: மீதியாகிற அப்பத்தை என்ன செய்வார்கள்?
– ஒரு மாணவன், வியாசர்பாடி

ப: கத்தோலிக்கக் கோயிலில் பீடத்துப் பக்கம் சிவப்பு விளக்கு எரியும் பாருங்கள், அங்கே நற்கருணைப் பேழையில் பூட்டி வைப்பார்கள். முக்கியமாக, கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்காக. எங்கள் பாட்டி கடைசி நாட்களில் கொருக்குப்பேட்டையில் கிடந்தாள். ஃபாதர் சட்டைப் பையில் சின்ன வட்ட டப்பாவோடு பைக்கில் வந்தார், ரயில்வே கேட் மூடிக்கிடந்ததால் அரைமணி தாமதம். முழு அப்பம் பாட்டிக்கு இறங்காது. நகத்தளவு கிள்ளி, ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்து, உதட்டுக்குள் விட்டார். ஆமென் சொல்லச் சத்தம் வரவில்லை, கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்தது.