வளவை மறைக்க எந்தச் செடியை வேலியாக நடலாம்?

ரோட்டில் போகிறவர்களின் பார்வை முற்றத்தில் விழாமல் வருடம் முழுக்க மறைக்க வேண்டுமென்றால் பசுமை மாறாத செடிதான் சரி. அதுவும் இலை உதிர்க்கும். ஆனால் மொத்தமாக அல்ல. கடைக்காரப் பையன்கள் முறைபோட்டு லீவு எடுப்பதால் கடை பூட்டப்படாமல் இருக்கிறதே, அதுபோல பழைய இலை விழ விழப் புது இலை வந்துகொண்டிருக்கும். மட்டக்களப்புப் பக்கம் வேலிக்கு அதிகம் ஊன்றும் கிளிசரியா அப்படி இல்லை. வெட்டாமல் விட்டால் வறட்சியில் மொட்டையாகி, வீடு அப்படியே வெளியே தெரியும்.

என் தேர்வு செவ்வரத்தை. முற்றாத, பென்சில் தடிப்புத் தடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் வேர்விடும். இடைவெளி 2 அடி போதும். ஆடு வரும் தெருவென்றால் முதலில் வலை கட்டுங்கள், குருத்தை விட்டுவைக்காது. கல்லடி மாதிரிக் கடலோர மணலில் உப்புக்காற்றைத் தாங்கும் சங்கங்குப்பி இன்னும் நல்லது.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் நட்டுவிடுங்கள். மாரி முடிவதற்குள் வேர் ஆழமாகப் போனால்தான் பிறகு வரும் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றைத் தாங்கும். மணல் நிலத்தில் குழிக்குள் மாட்டெரு போடாவிட்டால் ஊற்றும் தண்ணீர் நிற்காது.

“உயரமாக வளரட்டும், அப்புறம் வெட்டலாம்” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நுனிக்குருத்து பக்க மொட்டுகளை அடக்கி வைப்பதால், முழங்கால் உயரத்திலேயே நுனியைக் கிள்ளாவிட்டால் அடிப்பக்கம் ஓட்டையாகவே இருக்கும்.