அரிசி டிரம்முக்குப் பூட்டு

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது. மூத்தவனுக்கு 8, இளையவளுக்கு 6. ஒரு வருடமாக மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4, எம்.சி.வி. 61, தட்டணுக்கள் 5,60,000. தட்டணு கூடினால் ரத்தப் புற்றுநோயாக இருக்கும் என்று நண்பர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எலும்பு மஜ்ஜையைச் சோதிக்க வேண்டுமா? டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று பத்தே நாளில் நிறுத்திவிட்டாள். அடுத்த மாதம் என் தங்கைக்குத் திருமணம், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமா? பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் எல்லாம் வாங்கிப் போடுகிறேன். இளையவள் பிறந்ததிலிருந்து என் மனைவிக்குப் பச்சரிசி மெல்லும் கெட்ட பழக்கம் வேறு. அதனால்தான் ரத்தம் சுண்டுகிறது என்று அம்மா அரிசி டிரம்முக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். இதற்கு மேல் நாங்கள் என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாராபுரம்

பதில்: பூட்டை இன்றைக்கே கழற்றுங்கள். புற்றுநோய், மஜ்ஜை, ரத்த பாட்டில் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசுவோம்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ‘கெட்ட பழக்கம் வேறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே உருப்படியான மருத்துவத் தகவல் அது ஒன்றுதான். பச்சரிசி தின்பதால் ரத்தம் குறைவதில்லை. உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போவதால்தான் பச்சரிசி தின்னத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் காரியத்தைக் காரணமாக்கி, அதற்குப் பூட்டும் வாங்கிப் போட்டிருக்கிறீர்கள்.

என்னிடம் வருகிற பெண்களிடம் ‘என்ன தின்கிறீர்கள்?’ என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, ‘அரிசியா, பல்பமா, விபூதியா?’ என்று பெயர் சொல்லிக் கேட்டால் கண்ணில் நீர் முட்டும். பிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியைக் கடிப்பவர் உண்டு. மழை பெய்தால் சுவர் மண்ணின் வாசனைக்கே நாக்கு ஊறுகிறது என்றவரும் உண்டு. கர்ப்பிணி சாம்பல் தின்றால் மசக்கை என்று சிரிப்போம். அதே பெண் பிள்ளை பெற்று ஆறு வருடம் கழித்து அரிசி மென்றால் இழிவு. சின்ன வயதில் கை நிறைய அரிசி அள்ளினால், ‘உன் கல்யாணத்துக்கு மழை பெய்யும்’ என்று மிரட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் என்ன என்று அந்த வீடுகளில் யாருக்கும் தோன்றியதில்லை. இரும்பு உள்ளே போனால் இந்த ஆசை பெரும்பாலும் ஓரிரு வாரத்திலேயே விட்டுப்போகும், ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே. பூட்டு தேவைப்படாது.

இன்னும் முக்கியமானது, ‘இளையவள் பிறந்ததிலிருந்து’ என்ற சொல். இளையவளுக்கு இப்போது 6 வயது. அப்படியானால் இந்தச் சோகை ஒரு வருடத்தது அல்ல. மாடிப்படியில் மூச்சு வாங்கியது போன வருடமாக இருக்கலாம். உடம்பு கையை விரித்தது ஆறு வருடத்துக்கு முன்பு. ஒரு கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்குமாக ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும். நம் பெண்களின் உடம்பில் சேமிப்பாக 300 மில்லிகிராம் இருந்தாலே பெரிது. உங்கள் மனைவி இரண்டே வருட இடைவெளியில் இரண்டு முறை அந்தக் கணக்கைத் தீர்த்திருக்கிறார். பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசுத் திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் கொடுப்பார்கள். அந்த மாத்திரைகள் என்ன ஆயின? குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் தேதி தவறாமல் பார்த்த வீடு, தாயின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்ததா?

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த தட்டணுக்கள். வழக்கமான அளவு 1,50,000 முதல் 4,50,000 வரை. இரும்புச்சத்து குறைந்தால் தட்டணுக்கள் கூடுவது நாங்கள் அன்றாடம் பார்க்கிற காட்சி. எம்.சி.வி. 61 என்றால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போயிருக்கின்றன என்று பொருள். வழக்கமாக 80-க்கு மேல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஆறு வருட அரிசியையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய சோதனை, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். கூடவே ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் ஒருவர் பார்க்க வேண்டும். வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும் தோற்றமும் சரியாக இருந்தால் மஜ்ஜைக்கு ஊசி போட இப்போது எந்த வேலையும் இல்லை. இரும்பு முழுவதும் நிரம்பிய பிறகும் தட்டணு இறங்காவிட்டால் அப்போது தேடலாம். நண்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்தவர் வீட்டு ரிப்போர்ட்டைப் படித்துச் சோதிடம் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள்.

பாட்டில் ரத்தம் எதற்குக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. ‘தங்கைக்குத் திருமணம், வேலை தலைக்கு மேல்’ என்ற வரிக்கு அடுத்த வரியாக அது வருகிறது. அண்ணி ஓடியாடி வேலை செய்ய வேண்டும், வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும், பந்தியில் நிற்க வேண்டும். அதற்கு யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த ரத்தம்! பிரசவத்தில் ரத்தம் கொட்டுகிறவளுக்கும் விபத்தில் அடிபட்டவனுக்கும் போக வேண்டியது அது. ஒரு பை ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராம் ஏறும். 7.4 என்பது 8.4 ஆகும். அதில் இருக்கும் இரும்பு 200 முதல் 250 மில்லிகிராம். உங்கள் மனைவி 50 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், அவருக்குக் குறைந்திருப்பது ஏறத்தாழ 1,400 மில்லிகிராம். பிறர் ரத்தம் ஏறினால் அதற்கு எதிரான பொருள்கள் உடம்பில் உருவாகலாம். இன்னொரு கர்ப்பம் வந்தால் அவை குழந்தையைத் தாக்கக்கூடும். நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம் என்று ஏதாவது இருந்தால் கதை வேறு. அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள், பாட்டிலை நாங்களே கேட்டு வாங்குவோம்.

சீக்கிரம் ஏற வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. இரும்பையே ரத்தக்குழாய் வழியாக டிரிப்பில் ஏற்றலாம். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தில் ஒரே தடவையில் 1,000 மில்லிகிராம் வரை கொடுக்க முடியும். கால் மணி நேர வேலை, அதற்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கும் 7.4-ல் இருப்பவருக்கும் இதைக் கொடுக்க நான் தயங்குவதில்லை. ஆனால் மாத்திரையை அவர் எப்படிச் சாப்பிட்டார் என்றும் கேட்க வேண்டும். காலையில் காபியோடு விழுங்கியிருந்தால் வயிறு புரண்டதுதான் மிச்சம், இரும்பு சரியாக உள்ளே போயிருக்காது. டீ, காபி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை இவற்றுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளித்தான் சாப்பிட வேண்டும். தினம் மூன்று வேளை என்று திணிக்கத் தேவையில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே மாத்திரை என்றாலும் குடல் அதை நன்றாகவே உறிஞ்சும், குமட்டலும் குறையும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் நிறுத்தாமல் இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். சேமிப்பு அப்போதுதான் நிறையும்.

ஒழுங்காகச் சாப்பிட்டு நான்கு வாரத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால், வேறெங்கோ ரத்தம் கசிகிறதா, அல்லது இது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமக்கிற உடம்பா என்று பார்க்க வேண்டும். சுமப்பவர் நோயாளி அல்ல, ஆனால் பிள்ளைகளுக்காக அது தெரிந்திருக்க வேண்டும். இரும்பு நிரம்பிய பிறகு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

பீட்ரூட் சிவப்பு, ரத்தமும் சிவப்பு. இதைத் தவிர இரண்டுக்கும் பெரிய உறவு கிடையாது. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. அதிலும் பத்தில் ஒரு பங்கு உள்ளே சேர்ந்தால் அதிகம். 1,400 மில்லிகிராம் பள்ளத்தை மாதுளை முத்தால் தூர்க்கப் பார்க்கிறீர்கள். கம்பிலும் முருங்கைக்கீரையிலும் இதைவிட நல்ல இரும்பு இருக்கிறது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இன்னும் நன்றாக உறிஞ்சப்படும். அசைவம் உண்டென்றால் ஈரலும் சுவரொட்டியும்தான் ராஜா. அந்தச் சுவரொட்டி உங்கள் வீட்டில் வாங்கினால் யார் தட்டுக்குப் போகும்? ‘எனக்குப் பிடிக்காது’ என்று உங்கள் மனைவி சொல்கிறாரா? எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு ரசத்தையும் அடிச்சோற்றையும் தின்று பழகியவருக்கு எது பிடிக்கும் என்று யார் கேட்டார்கள்? நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100-க்கு 57 பேருக்குச் சோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எனக்கு அதில் வியப்பே இல்லை. நம் வீடுகளில் பந்தி நடக்கிற ஒழுங்கைப் பார்த்தாலே போதும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். மகன் வயது, மகள் வயது, தட்டணு எண்ணிக்கை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மாதவிலக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. எத்தனை நாள் போகிறது? நாப்கினை ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? இரவில் எழுந்து மாற்றுகிறாரா? மாதத்துக்கு 80 மில்லிலிட்டருக்கு மேல் போனாலே அதிகம்தான். அந்த அளவு ரத்தத்தோடு 40 மில்லிகிராம் இரும்பு போய்விடும். ஆறு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே அடைக்காமல் நிற்காது, அதனால் மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும். மூலத்தில் ரத்தம் போகிறதா, வலி மாத்திரை அடிக்கடி போடுகிறாரா என்றும் கேளுங்கள். வயதுக்கு வந்த நாளிலிருந்தே இப்படியா, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கவில்லையா, அவருடைய அம்மாவுக்கும் அப்படியா என்று அவசியம் கேளுங்கள். பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளைச் சேர்ந்த ஒரு சிறுமி 13 வயதில், நான்காவது மாதவிலக்கின்போது ரத்தம் நிற்காமல் இறந்தாள். அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர் 1926-ல் எழுதியதால்தான் அவர் பெயரிலேயே ஒரு ரத்தக்கசிவு நோய் இருப்பது உலகுக்குத் தெரிந்தது. ‘எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இப்படித்தான்’ என்று பாட்டி முதல் பேத்தி வரை சொல்லிச் சகித்துக்கொள்ளும் குடும்பங்களில் இன்றைக்கும் அதைக் கண்டுபிடிக்கிறோம்.

கூட்டுக் குடும்பத்தை நம்புகிறவள் நான். மாமியார் கையில் சாவி இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் சமைக்கிறவளே அரிசிக்குச் சாவி கேட்டு நிற்க வேண்டும் என்பதை ஒரு மகன் பார்த்துக்கொண்டு, அதைக் கடிதத்திலும் எழுதி, ‘இதற்கு மேல் நாங்கள் என்ன செய்வது’ என்று கேட்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அம்மாவிடம் பேச வேண்டியது நீங்கள். மனைவியைப் பேசச் சொல்லாதீர்கள், குழந்தைகளின் எதிரிலும் பேசாதீர்கள். இது பழக்கமல்ல, நோயின் அறிகுறி என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்று இந்தப் பக்கத்தையே படித்துக் காட்டுங்கள். அவரும் இரண்டு மூன்று பிள்ளை பெற்றவராக இருப்பார். ‘நீ உண்டாகியிருந்தபோது என்ன தின்றாய்?’ என்று கேளுங்கள், சொல்லுவார்.

இந்த வாரமே மனைவியை அழைத்துக்கொண்டு போங்கள். வாசலில் ஸ்கூட்டரோடு நிற்காமல் உள்ளே போய் உட்காருங்கள், அவர் பேசட்டும். கல்யாண வேலைக்கு ஆள் போடுங்கள். குழந்தைகள் இருவருக்கும் ஹீமோகுளோபின் பாருங்கள். மணப்பெண்ணுக்கும் பாருங்கள். சீர்வரிசைப் பட்டியலில் எதையோ குறைத்தாவது, ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்க தங்கையை மாமியார் வீட்டுக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் அங்கேயும் ஒருவர் பூட்டு வாங்குவார்.

அப்படியே உங்கள் அம்மாவுக்கும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், இரும்பு போகிற இடம் பெரும்பாலும் இரைப்பையிலோ பெருங்குடலிலோ இருக்கும், சில சமயம் அங்கே கட்டியும் இருக்கும். அவருக்குக் குறைவாக வந்தால் மாத்திரை வாங்கிக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி இரண்டும் செய்து பார்க்க வேண்டும்.