வலி போய்விட்டது, வேகம் ஏன் வரவில்லை?

விளையாட்டுக் காயங்களைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுட்டுகின்றன: தொடையின் பின்புறம். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் ஹாம்ஸ்ட்ரிங் தசைக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் 24 வயது கால்பந்து வீரன்; ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தபோது பந்தை விரட்டி ஓடினேன். வலது தொடையின் பின்புறம் யாரோ கல்லால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அருகில் யாருமே இல்லை. “தசை கிழிந்திருக்கிறது, ஆறு வாரத்தில் ஆடலாம்” என்றார்கள். இப்போது பதினோராவது வாரம். மெதுவாக ஓடுகிறேன், பாஸ் போடுகிறேன், வலி இல்லை. முழு வேகம் எடுக்கப் போனால் மட்டும் தசை இறுகிப் பிடிக்கிறது. “எல்லாம் மனப்பிரமை” என்கிறார் பயிற்சியாளர். ஏன் இவ்வளவு தாமதம், டாக்டர்?

பதில்: உங்கள் பயிற்சியாளர் சொல்வதில் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் உணரும் இறுக்கம் கற்பனை அல்ல.

ஹாம்ஸ்ட்ரிங் என்று ஒருமையில் சொன்னாலும் அவை மூன்று தசைகள். நாம் உட்காரும்போது நாற்காலியில் பதியும் இடுப்பெலும்பின் முனையில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலைத் தாண்டிப் போய் ஒட்டுகின்றன. அதாவது இடுப்பு, முழங்கால் ஆகிய இரண்டு மூட்டுகளின் அசைவுக்கும் ஒரே நேரத்தில் ஈடுகொடுக்க வேண்டியவை. முழு வேகத்தில் ஓடும் ஒருவரின் காணொளியை வேகம் குறைத்துப் பாருங்கள். கால் முன்னே வீசப்படுகிறது, இடுப்பு மடங்கியிருக்கிறது, முழங்கால் நிமிர்ந்துகொண்டே வருகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அந்த வீச்சைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு முழுவதும் இந்தத் தசைகளின் மேல் விழுகிறது. நீண்டுகொண்டே போகும் கயிற்றைக் கையில் இறுக்கிப் பிடித்திருப்பவரின் நிலைதான் அப்போது தசைக்கும். ஓட்டத்தில் நேரும் கிழிவுகளில் பெரும்பாலானவை வெளிப்பக்கத்தில் உள்ள பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்ற தசையில் ஏற்படுவதற்கு இதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். மெதுவான ஓட்டத்தில் இந்தச் சுமையில் சிறு பங்கே வரும். ஆகவே, மெல்ல ஓடும்போது வலி இல்லை என்பது நல்ல செய்திதானே தவிர, முழு வேகத்துக்கான அனுமதிச் சீட்டு அல்ல.

இனி, பயிற்சியாளர் சொன்னதில் சரியான பாதி. காயம்பட்ட தசைக்கு அனுப்பும் கட்டளையை நரம்பு மண்டலம் குறைத்துக்கொள்கிறது. அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. காயம் ஆறிய பிறகும், குறிப்பாகத் தசை நீண்டிருக்கும் நிலையில், அந்தத் தடை உடனே விலகாமல் நீடிப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த அளவில் கோளாறு ‘மேலே’ இருப்பது உண்மை. ஆனால் தைரியமூட்டும் பேச்சினால் அந்தத் தடை விலகாது. நீண்ட நிலையில் சுமை தாங்கும் பயிற்சியைப் படிப்படியாகக் கொடுத்துத்தான் விலக்க முடியும்.

“ஆறு வாரம்” என்ற கணக்குக்கு வருகிறேன். எவ்வளவு கிழிந்தது என்பதோடு, எந்த இடத்தில் கிழிந்தது என்பதும் நாட்களைத் தீர்மானிக்கிறது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் என்பது தசையின் இரு நுனிகளில் மட்டும் இருப்பதல்ல. இந்தத் தசைகளில் அது உள்ளே நெடுந்தூரம் ஓடுகிறது. பிரிட்டிஷ் தடகள மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்ட வகைப்பாடு, கிழிவின் அளவை 0 முதல் 4 வரை எண்ணால் குறிப்பதோடு, கிழிவு தசையுறையின் ஓரத்திலா, தசையும் தசைநாணும் சேரும் இடத்திலா, தசைநாணுக்கு உள்ளேயா என்பதை எழுத்தால் தனியே பிரிக்கிறது. கடைசி வகை ஆறுவதற்கு நாள் பிடிக்கும். மீண்டும் கிழியும் வாய்ப்பும் அதில் அதிகம். உங்கள் ஸ்கேன் அறிக்கையில் தசைநாணைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் ‘ஆறு வாரம்’ உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவே கூடாது. சுவீடனில் முதல்முறை இக்காயம் பட்ட விரைவோட்ட வீரர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பழைய ஆட்டத் தரத்துக்குத் திரும்ப அவர்களுக்கு ஆன காலத்தின் இடைநிலை அளவு 16 வாரம். காலை மெதுவாக எட்டி நீட்டும்போது அடிபட்ட நடனக் கலைஞர்களுக்கோ அது 50 வாரம். பதினோராவது வாரத்தில் நீங்கள் நிற்கும் இடம் விசித்திரமானதல்ல.

என்ன செய்வது? மல்லாந்து படுத்து, காயம்பட்ட காலின் தொடையை இரு கைகளாலும் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, வலி தொடங்குவதற்குச் சற்று முன்புவரை முழங்காலை மெதுவாக நிமிர்த்தி மடக்குங்கள். இது சுவீடன் ஆய்வாளர் கார்ல் ஆஸ்க்லிங் வகுத்த மூன்று பயிற்சிகளில் ஒன்று. தசையை நீட்டிய நிலையில் வேலை வாங்கும் அந்த முறையில் பயின்ற சுவீடன் கால்பந்து வீரர்கள் சராசரியாக 28 நாளிலும், வழக்கமான பயிற்சி செய்தவர்கள் 51 நாளிலும் முழுப் பயிற்சிக்குத் திரும்பியதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன்பின் ‘நார்டிக்’ பயிற்சி: மண்டியிட்டு நின்று, கணுக்கால்களை இன்னொருவர் அழுத்திப் பிடிக்க, இடுப்பை மடக்காமல் உடலை ஒரே பலகைபோல் முன்னோக்கிச் சரிக்க வேண்டும். முதல் நாளில் பலரும் பாதி தூரம் வருவதற்குள் தொப்பென்று கையூன்றி விழுவார்கள். அந்த விழும் புள்ளி வாரந்தோறும் தரையை நோக்கி நகர்கிறதா என்பதே உங்கள் முன்னேற்றக் குறிப்பு.

இவற்றோடு ஓட்டத்தையும் கூட்டுங்கள். அறுபது சதவீத வேகத்தில் தொடங்கி, மறுநாள் காலையில் தசை எப்படி இருக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டு, எழுபது, எண்பது என ஏறுங்கள். தொண்ணூறுக்கு மேல் ஒவ்வொரு படியும் குறுகலாக இருக்கட்டும், ஏனெனில் கடைசி பத்துச் சதவீதத்தில்தான் சுமை தாவி ஏறுகிறது. இதை உங்கள் பிசியோதெரபிஸ்ட்டின் கண்ணெதிரே செய்வது நல்லது.

கேள்வி: காயம் பட்டவுடன் ஐஸ் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் காலை அசைக்காமல் படுத்திருந்தேன். அது சரிதானா?

பதில்: இரண்டு வாரம் நீளம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வலி குறைய முதல் நாளில் சற்று ஐஸ் வைப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் 2017-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், தொடை அல்லது கெண்டைக்கால் தசை கிழிந்தவர்களில், இரண்டாம் நாளே பயிற்சி தொடங்கியோர் ஒன்பதாம் நாள் தொடங்கியோரைவிட ஏறக்குறைய மூன்று வாரம் முன்னதாக விளையாட்டுக்குத் திரும்பினார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: ‘டப்’ என்ற சத்தத்தோடு கிழிந்து, தொடை முழுவதும் கன்றிப்போய், உட்காரவே முடியாமல் வலித்தால், தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். அப்போது பயிற்சியை ஆரம்பிக்காமல் எலும்பு மருத்துவரிடம் தாமதமின்றிப் போக வேண்டும்; அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதை ஆரம்ப வாரங்களிலேயே செய்வது எளிது.

கேள்வி: ஓட்டம், பலம் எல்லாம் சரியாகிவிட்டன. ஆனால் மறுபடி எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் காயத்தின் தடயம் இன்னும் தெரிகிறது. ஆடலாமா? நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் தட்டணு ஊசி போட்டால் அது மறையும் என்கிறார்கள்.

பதில்: மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. நெதர்லாந்து ஆய்வொன்றில், ஆடுவதற்குத் தகுதி பெற்றுவிட்ட வீரர்களிலேயே 89 சதவீதம் பேரின் ஸ்கேனில் அந்த மாற்றம் தெரிந்தது. உங்கள் கால் செய்து காட்டும் வேலையைத்தான் நம்ப வேண்டும். ஊசியைப் பொறுத்தவரை, 80 பேரை வைத்து அதே நாட்டில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் வெறும் உப்புநீர் ஏற்றப்பட்டவர்களுக்கும் இடைநிலை அளவாக 42 நாளே ஆனது. செலவைத் தவிர்க்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. நான்கு வாரத்தில் குணமாகி ஆடப் போனான். இரண்டாவது ஆட்டத்திலேயே அதே இடம் மறுபடி கிழிந்துவிட்டது. அவன் கால்பந்து வாழ்க்கை இத்தோடு முடிந்ததா, ஐயா? எப்போது திரும்பலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முடியவில்லை. ஆனால் பொறுமை இல்லாவிட்டால் பாதிக்கப்படும் என்பதை மறைக்க மாட்டேன். 1999 ஏப்ரலில் லீட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இங்கிலாந்து வீரர் மைக்கேல் ஓவனுக்கு ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்தபோது அவருக்கும் 19 வயதுதான். அறுவை சிகிச்சை நடக்கவில்லை. ஒரு காலில் மூன்றுக்குப் பதில் இரண்டு தசைகளோடுதான் அதன்பின் ஓடியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 2001-இல், ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் தோர் விருது வாங்கினார் என்றாலும், அந்தப் பழைய வேகம் முழுமையாகத் திரும்பவில்லை என்பதும் அவர் வாக்குமூலமே. மறுபக்கம் பிரான்ஸ் வீரர் உஸ்மான் டெம்பலே: 2017 செப்டம்பரில் ஸ்பெயினின் கெட்டாஃபே மைதானத்தில் குதிகாலால் பந்தைத் தள்ள முயன்றபோது தசைநாண் அறுந்தது, பின்லாந்தில் அறுவை சிகிச்சை, 2020-இல் மறு காலிலும் கிழிவு, மீண்டும் அறுவை சிகிச்சை. அதே கால்களோடு 2025-இல் பாலன் தோர் பெற்றார்.

உங்கள் மகனுக்கு நேர்ந்தது அரிதானதும் அல்ல. ஐரோப்பாவின் முதல்நிலை ஆண்கள் அணிகளை 2001 முதல் தொடர்ந்து கவனிக்கும், ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏவின் ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 2022-க்குள் 12 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. அந்தக் காயங்களில் 18 சதவீதம் பழைய இடத்திலேயே திரும்ப நேர்பவை; அப்படித் திரும்புபவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆடுகளத்துக்கு வந்த இரண்டே மாதத்துக்குள் நேர்கின்றன. பெரும் மருத்துவக் குழுவைக் கையில் வைத்திருக்கும் அணிகளின் நிலையே இது.

என் அனுபவத்தில், இரண்டாம் முறை கிழித்துக்கொண்டு வரும் இளைஞர்கள் பலர் வாரங்களை எண்ணியிருக்கிறார்கள். முழு வேக ஓட்டங்களை எண்ணியதில்லை. “இந்த நான்கு வாரத்தில் தொண்ணூற்றைந்து சதவீத வேகத்தில் எத்தனை முறை ஓடினாய்?” என்று கேட்டால் மௌனமாகிவிடுவார்கள். சைக்கிள் ஓட்டி மூச்சு வலுத்திருக்கும், தசை ஆட்டத்தன்றுதான் முதன்முதலாக முழுச் சுமையைச் சந்தித்திருக்கும்.

ஆகவே மகனிடம் தேதி கேட்காதீர்கள். களிம்பு தேய்த்து வலியை அடக்கிவிட்டு ஆட அனுமதிக்காதீர்கள். அழுத்தினால் வலி இல்லை, நீட்டிய நிலையில் பலம் மறுகாலுக்கு ஏறக்குறைய இணை, ஒரு வாரத்துக்கு மேலாகப் பல நாட்களில் முழு வேக ஓட்டங்களும் திடீர்த் திருப்பங்களும் சிக்கலின்றி முடிந்தன, அணியோடு முழுப் பயிற்சி சில முறை நடந்தது என்ற நிலை வரட்டும். அதன் பிறகு ஆஸ்க்லிங்கின் சோதனை ஒன்றைச் செய்யுங்கள்: மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்காதபடி காலைப் பட்டியால் கட்டி, ‘முடிந்த அளவு வேகமாக மேலே தூக்கு’ என்று சொல்லுங்கள். தூக்கும் கணத்தில் முகத்தைக் கவனியுங்கள். வலியே இல்லாவிட்டாலும் ஒரு தயக்கம், ஒரு பாதுகாப்பின்மை தெரிந்தால் அவன் இன்னும் தயாராகவில்லை. மேலும் சில நாள் பயிற்சி செய்துவிட்டுத் திரும்பச் சோதிக்கலாம்.

தயக்கம் போன பிறகும் முதல் ஆட்டத்தில் கடைசி இருபது நிமிடம் போதும், அடுத்ததில் ஒரு பாதி. களத்துக்குத் திரும்பியதும் பலர் நார்டிக் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். அதைச் சேர்த்துக்கொண்ட திட்டங்கள் இக்காயத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கின்றன என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கு சொல்கிறது. வாரம் ஒரு முறையாவது, ஆட்டத்துக்கு முந்தைய நாளைத் தவிர்த்து, அது தொடரட்டும். அவனுடைய கணுக்காலைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், நீங்களே உட்கார்ந்துகொள்ளலாம்.